ஒப்பந்தப் பணியாளரின் பயண, உணவுச் செலவுகளுக்கான வரிக் கழிவு (இந்தியா)

ஒப்பந்தப் பணியாளரின் பயண, உணவுச் செலவுகளுக்கான வரிக் கழிவு என்பது, ஊதியம் பெறும் ஊழியராக அல்லாமல் ஒப்பந்த அடிப்படையில் பணிபுரியும் ஒருவர், தன் தொழிலுக்காகச் செய்த பயணம், தங்கல், உணவு ஆகியவற்றின் செலவை மொத்த வரவிலிருந்து கழித்து, மீதமுள்ள இலாபத்துக்கு மட்டும் வருமான வரி செலுத்துவதற்கான உரிமை ஆகும். கட்டட ஒப்பந்தக்காரர், மென்பொருள் ஆலோசகர், படகு உரிமையாளர், சரக்குந்து உரிமையாளர் எனப் பலதரப்பட்டவர்களுக்கும் இது பொருந்தும்.

வரி என்பது வரவின் மீது அன்று, வருமானத்தின் மீதே விதிக்கப்படுகிறது என்பதே இதன் அடிப்படை. எனினும் எல்லாப் பயணமும் தொழிற்பயணம் ஆகாது. எல்லா உணவும் தொழிற்செலவு ஆகாது. இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லையே இக்கட்டுரையின் பொருள். கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலின் தொழில்களைச் சார்ந்த எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன. அவற்றில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக மட்டும் கொள்ளப்பட்டவை.

சட்டப் பின்னணி

இந்தியாவில் 1962 ஏப்ரல் 1 முதல் 1961 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2025 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2025 ஆகத்து 21 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியுள்ளன. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்னும் இரு சொற்களுக்கு மாற்றாக வரி ஆண்டு என்னும் ஒரே கருத்து வந்துள்ளது. தொழிற்செலவு பற்றிய அடிப்படை நெறி தொடர்கிறது. நீதிமன்றத் தீர்ப்புகளும் பெரும்பாலான நூல்களும் பழைய எண்களையே பயன்படுத்துவதால், இக்கட்டுரையிலும் 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்களே தரப்படுகின்றன.

குளச்சல் அமைந்துள்ள கல்குளம் வட்டம் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதற்கு முன் அப்பகுதி திருவிதாங்கூரிலும், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. திருவிதாங்கூருக்குத் தனி வருமான வரிச் சட்டம் இருந்தது. 1922 ஆம் ஆண்டின் இந்திய வருமான வரிச் சட்டம் 1950 ஏப்ரல் 1 முதலே இப்பகுதிக்கு விரிவாக்கப்பட்டது.

ஒப்பந்தப் பணியாளரும் ஊழியரும்

ஒருவர் ஊழியரா, ஒப்பந்தப் பணியாளரா என்பதைப் பொறுத்தே அவருக்குக் கிடைக்கும் கழிவு அமைகிறது. ஒப்பந்தத்தின் தலைப்பு இதை முடிவு செய்வதில்லை. என்ன வேலை என்பதை மட்டுமன்றி, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் வேலை தருபவர் கட்டுப்படுத்துகிறாரா என்பது முதன்மையான அளவுகோல்களுள் ஒன்றாகும். உப்பளத் தொழிலாளர் பற்றிய திராங்கதரா கெமிக்கல் வொர்க்சு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இதனை விளக்கியது.

- ஊழியர்: இவரது வருமானம் ஊதியம் என்னும் தலைப்பில் வரும். உண்மையான பயணச் செலவைத் தனியே கழிக்க இயலாது. நிலையான கழிவு மட்டும் உண்டு. இது 2018 இல் 40,000 ரூபாயாக மீண்டும் கொண்டுவரப்பட்டு, 2019 இல் 50,000 ரூபாயாகவும், புதிய வரி முறையில் 2024-25 நிதியாண்டு முதல் 75,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. அலுவல் பயணத்துக்கு முதலாளி தரும் படிக்கு, செலவான அளவுக்கு, விலக்கு உண்டு.
- ஒப்பந்தப் பணியாளர்: இவரது வருமானம் தொழில் அல்லது உயர்தொழில் என்னும் தலைப்பில் வரும். உண்மையான செலவுகளைக் கழிக்கலாம். நிலையான கழிவு கிடையாது.

2023-24 நிதியாண்டு முதல் இயல்பாகப் பொருந்தும் புதிய வரி முறையில் பல விலக்குகள் நீக்கப்பட்டிருந்தாலும், தொழிற்செலவைக் கழிக்கும் உரிமை நீக்கப்படவில்லை. புதிய முறையில் எந்தச் செலவும் கழியாது என்னும் எண்ணம் தவறானது.

பொது விதி: பிரிவு 37(1)

பயணத்துக்கோ உணவுக்கோ தனிப் பிரிவு எதுவும் இல்லை. பிரிவு 37(1) என்னும் பொதுப் பிரிவின் கீழேயே இவை கழிக்கப்படுகின்றன. நிபந்தனைகள் பின்வருமாறு:

1. செலவு முழுவதும் தொழிலின் பொருட்டே, தொழிலுக்கு மட்டுமே செய்யப்பட்டிருக்க வேண்டும்.
2. அது மூலதனச் செலவாக இருத்தல் கூடாது.
3. அது வரி செலுத்துபவரின் சொந்தச் செலவாக இருத்தல் கூடாது.
4. அது சட்டத்தால் தடை செய்யப்பட்ட செயலுக்கான செலவாக இருத்தல் கூடாது.

செலவு இன்றியமையாததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை அன்று. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன்வரைவில் அத்தகைய சொல் சேர்க்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டதை 1979 ஆம் ஆண்டின் சசூன் ஜே. டேவிட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. எனவே பேருந்தில் செல்லக்கூடிய இடத்துக்கு ஏன் வாடகைச் சீருந்தில் சென்றீர் என்ற கேள்வியால் மட்டும் ஒரு செலவை மறுக்க இயலாது. பயணம் தொழிலுக்காகத்தான் நடந்ததா என்பதே கேள்வி.

பயணச் செலவு

பணி நடக்கும் இடத்துக்கும் வாடிக்கையாளரின் அலுவலகத்துக்கும் பொருள் வாங்குமிடத்துக்கும் செய்யும் பயணங்கள் பொதுவாகக் கழிவுக்கு உரியவை. தொடருந்து, பேருந்து, வானூர்திக் கட்டணம், வாடகை வண்டி, சுங்கச் சாவடிக் கட்டணம், தங்கும் விடுதிக் கட்டணம் ஆகியன இதில் அடங்கும்.

வீட்டிலிருந்து தனக்கென உள்ள நிலையான அலுவலகத்துக்குச் செல்வது சொந்தப் பயணமாகக் கருதப்பட வாய்ப்புண்டு. வீடே தொழிலின் இருப்பிடமாக இருந்தால் நிலைமை வேறு. குளச்சலில் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதும் ஒருவர், மாதம் இருமுறை திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் உள்ள வாடிக்கையாளரைச் சந்திக்க இரணியல் தொடருந்து நிலையத்திலிருந்து செல்வது தொழிற்பயணம் ஆகும். அதே பயணத்தின்போது உறவினர் வீட்டில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினால், அந்த நாள்களின் செலவு சொந்தச் செலவு ஆகும்.

சொந்த வண்டியைத் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் பயன்படுத்தினால், எரிபொருள், பழுதுபார்ப்பு, காப்பீடு, தேய்மானம் ஆகியவற்றில் தொழிலுக்குரிய பங்கு மட்டுமே கழியும். இதற்குப் பிரிவு 38(2) வழி செய்கிறது. சீருந்துக்குப் பொதுவான தேய்மான வீதம் 15 விழுக்காடு. ஆண்டில் 12,000 கி.மீ. ஓடிய வண்டியில் 9,000 கி.மீ. தொழிலுக்காக எனில், செலவில் நான்கில் மூன்று பங்கைக் கோரலாம். இதை மெய்ப்பிக்க நாள், புறப்பட்ட இடம், சென்ற இடம், நோக்கம், தொலைவு ஆகியவற்றைக் குறிக்கும் ஓட்டக் குறிப்பேடு உதவும்.

உணவுச் செலவு

உணவு பற்றிய நிலையை மூன்றாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்.

தன் அன்றாட உணவு: இது சொந்தச் செலவு. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனிதர் உண்ண வேண்டும். பணியிடத்துக்கு அருகில் உணவகத்தில் உண்பதால் மட்டும் அது தொழிற்செலவாக மாறாது. இதே அடிப்படையில், உடல்நலச் செலவு பற்றிய ஒரு வழக்கும் குறிப்பிடத்தக்கது. வழக்கறிஞர் சாந்தி பூசண் தன் இதய அறுவைச் சிகிச்சைச் செலவைத் தொழிற்செலவாகக் கோரியதை 2011 இல் தில்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. உடல் நலமாக இருந்தால்தான் தொழில் நடக்கும் என்பது மட்டும் போதுமானதன்று.

வெளியூர்ப் பயணத்தில் உணவு: தொழிலுக்காக வெளியூரில் இரவு தங்கும்போது ஏற்படும் நியாயமான உணவுச் செலவு, தங்கல் செலவுடன் சேர்ந்து பயணச் செலவின் பகுதியாக நடைமுறையில் ஏற்கப்படுகிறது. விடுதிப் பட்டியலில் உள்ள துணி வெளுப்பு, பொழுதுபோக்கு போன்றவை கேள்விக்கு உள்ளாகலாம்.

பிறருக்குத் தரும் உணவு: பணியிடத்தில் தொழிலாளருக்குத் தரும் தேநீர், சிற்றுண்டி, மதிய உணவு ஆகியவை தொழிற்செலவு ஆகும். வாடிக்கையாளருக்கு அளிக்கும் உணவும் தொழில்நோக்கு மெய்ப்பிக்கப்பட்டால் கழியும்.

வரலாறு

வாடிக்கையாளருக்கான விருந்தோம்பல் செலவுக்கு முன்னர் உச்சவரம்பு இருந்தது. வெளியூரிலிருந்து வரும் வணிகர்களுக்கு மரபாக அளிக்கும் எளிய உணவும் கேளிக்கைச் செலவா என்னும் கேள்வி நீதிமன்றங்களில் நெடுநாள் நீடித்தது. 1983 இல் நிதிச் சட்டம், 1976 ஏப்ரல் 1 முதல் முன்தேதியிட்டு, விருந்தோம்பலும் கேளிக்கைச் செலவே என விளக்கம் சேர்த்தது. ஊழியருக்குப் பணியிடத்தில் தரும் உணவுக்கு விலக்களித்தது. இதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு எளிய உணவு கேளிக்கைச் செலவு ஆகாது என 1995 இல் பட்டேல் பிரதர்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பயணத்துக்கும் விடுதிக்கும் 6டி என்னும் விதியின் கீழ் நாள் அளவிலான உச்சவரம்பு இருந்தது. 1997 ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இவ்விரு வரம்புகளுக்கும் அடிப்படையான பிரிவுகளை 1998 ஏப்ரல் 1 முதல் நீக்கியது. அதன் பின்னர் பிரிவு 37(1) மட்டுமே அளவுகோலாக உள்ளது.

2005 இல் கூடுதல் பயன் வரி கொண்டுவரப்பட்டது. நிறுவனங்களும் கூட்டாண்மைகளும் பயணம், விருந்தோம்பல் முதலியவற்றுக்குச் செய்த செலவின் ஒரு பகுதியைப் பயனாகக் கருதி முதலாளி மீது இது விதிக்கப்பட்டது. தனிநபர் தொழில் நடத்துவோருக்கு இது பொருந்தவில்லை. 2009 இல் இவ்வரி நீக்கப்பட்டது.

உத்தேச வருமான முறை

சிறு தொழில் செய்வோர் கணக்கேடுகள் இன்றி, வரவில் குறிப்பிட்ட விழுக்காட்டை வருமானமாகக் காட்டும் முறை உத்தேச வருமான முறை எனப்படுகிறது. இம்முறையில் செல்பவர் பயணம், உணவு உட்பட எந்தச் செலவையும் தனியே கோர இயலாது. அவை அனைத்தும் ஏற்கனவே கழிக்கப்பட்டதாகவே சட்டம் கொள்கிறது.

- பிரிவு 44ஏடி: 1994 இல் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்காகவே, 40 இலட்சம் ரூபாய் வரவு வரம்புடன் தொடங்கப்பட்டது. 2011-12 மதிப்பீட்டு ஆண்டு முதல் பிற தொழில்களுக்கும் விரிந்தது. வருமானம் வரவில் 8 விழுக்காடு. வங்கி அல்லது மின்னணு வழி வரவுக்கு 6 விழுக்காடு. வரவு வரம்பு 2 கோடி ரூபாய். ரொக்க வரவு 5 விழுக்காட்டுக்கு மிகாவிட்டால் 2023-24 நிதியாண்டு முதல் 3 கோடி ரூபாய்.
- பிரிவு 44ஏடிஏ: பொறியியல், சட்டம், மருத்துவம், கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை முதலிய உயர்தொழில்களுக்கு 2016-17 நிதியாண்டு முதல் உள்ளது. தகவல் தொழில்நுட்பம் 2001 இல் இப்பட்டியலில் அறிவிக்கப்பட்டது. வருமானம் வரவில் குறைந்தது 50 விழுக்காடு. வரம்பு 50 இலட்சம் ரூபாய்; ரொக்க வரவு குறைவாக இருந்தால் 75 இலட்சம் ரூபாய்.

உத்தேச அளவிலும் குறைவாக வருமானம் காட்ட விரும்புவோர் கணக்கேடுகள் வைத்து, சட்டம் கூறும் நிலைகளில் தணிக்கையும் செய்ய வேண்டும். 44ஏடி முறையிலிருந்து விலகுபவர் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு அதற்குத் திரும்ப இயலாமல் போகலாம்.

எடுத்துக்காட்டுகள்

மென்பொருள் ஆலோசகர்: 2025-26 நிதியாண்டில் ஒருவரின் வரவு 24 இலட்சம் ரூபாய், அனைத்தும் வங்கி வழியாக வந்தது. பயணம், உணவு உட்பட மொத்தச் செலவு 5 இலட்சம் ரூபாய். கணக்கேட்டு முறையில் வருமானம் 19 இலட்சம். புதிய வரி முறையில் வரி 1,80,000 ரூபாய், 4 விழுக்காடு தீர்வையுடன் 1,87,200 ரூபாய். உத்தேச முறையில் 50 விழுக்காடு காட்டினால் வருமானம் 12 இலட்சம். வரி 60,000 ரூபாய் முழுவதும் தள்ளுபடியாகி, செலுத்த வேண்டியது ஏதுமில்லை. செலவு வரவில் பாதிக்கும் குறைவாக உள்ளவர் ஒவ்வொரு பயணச்சீட்டாகக் கூட்டுவதால் பயன் இல்லை என்பது இதனால் விளங்கும்.

கட்டட ஒப்பந்தக்காரர்: குளச்சலில் வீடு கட்டித் தரும் ஒருவரின் வரவு 60 இலட்சம் ரூபாய், அனைத்தும் வங்கி வழி. உத்தேச வருமானம் 6 விழுக்காடு, அதாவது 3,60,000 ரூபாய். வேறு வருமானம் இல்லை எனில் 2025-26 இல் வரி இல்லை. ஆனால் வேலை தந்த நிறுவனம் பிரிவு 194சி இன் படி 1 விழுக்காடு, அதாவது 60,000 ரூபாய் பிடித்திருக்கக்கூடும். வருமான வரி அறிக்கை பதிந்தால் மட்டுமே அத்தொகை திரும்பக் கிடைக்கும்.

மீன்பிடிப் படகு: கடல் மீன்பிடிப்பு வருமானம் வேளாண் வருமானம் அன்று, தொழில் வருமானமாகவே கருதப்படுகிறது. பல நாள் கடலில் தங்கும் விசைப்படகுகளில் டீசல், பனிக்கட்டி, சமையல் பொருள்கள் ஆகியவற்றின் செலவை மீன் விற்ற தொகையிலிருந்து முதலில் எடுத்துவிட்டு, எஞ்சியதைப் படகுக்கும் தொழிலாளருக்கும் பங்கிடும் வழக்கம் உள்ளது. கடலில் தொழிலாளர் உண்ணும் உணவு தொழிற்செலவே. அதைப் பொதுச் செலவாக எழுதிவிட்டு, உரிமையாளரின் கணக்கில் மீண்டும் ஒருமுறை கழித்தல் கூடாது.

வாடிக்கையாளர் திருப்பித் தரும் செலவு

ஒப்பந்தப் பணியாளர் தன் கையிலிருந்து செலவிட்டு, பின்னர் வாடிக்கையாளரிடம் பெறும் தொகை அவரது ஈட்டம் அன்று. எனினும் விலைப்பட்டியல் எழுதப்படும் விதம் வரியை மாற்றிவிடக் கூடும்.

பிரிவு 194சி, 194ஜே ஆகியவற்றின் கீழ் மூலத்தில் வரி பிடிக்கும்போது, பட்டியலில் அடங்கிய திருப்பித் தரும் செலவைக் கழிக்க இயலாது என 1995 ஆகத்து 8 அன்று வெளியான 715 ஆம் எண் சுற்றறிக்கை கூறியது. செலவுக்கு மூலச் சீட்டுகளுடன் தனிப் பட்டியல் தந்து, செலவான அளவு மட்டுமே பெறும்போது அது வருமானம் அன்று எனப் பிற்காலத் தீர்ப்புகள் பல கூறியுள்ளன. கட்டணம் 1,00,000 ரூபாய், பயணச் செலவு 10,000 ரூபாய் என்பதை ஒரே தொகையாக எழுதினால், 10 விழுக்காட்டில் 11,000 ரூபாய் பிடிக்கப்படும்; தனிப் பட்டியல் தந்தால் 10,000 ரூபாய் மட்டும் பிடிக்கப்படலாம்.

உத்தேச முறையில் இது மேலும் முக்கியமானது. மேலே குறிப்பிட்ட ஆலோசகர், வாடிக்கையாளர் திருப்பித் தந்த 1 இலட்சம் ரூபாய் பயணச் செலவைக் கட்டணத்துடன் கலந்து எழுதினால் வரவு 25 இலட்சம் ஆகும். உத்தேச வருமானம் 12,50,000 ரூபாயாகி, தள்ளுபடி வரம்பைக் கடந்துவிடும். எல்லை நிவாரணத்துக்குப் பின்னும் வரி 50,000 ரூபாய், தீர்வையுடன் 52,000 ரூபாய். விடுதிக்கும் பயணச்சீட்டுக்கும் செலவாகிவிட்ட பணத்துக்கு, அதில் பாதிக்கும் மேல் வரியாகச் செல்லும்.

சரக்கு மற்றும் சேவை வரி

2017 சூலை 1 முதல் உள்ள சரக்கு மற்றும் சேவை வரியில், பதிவு பெற்றவர் தன் கொள்முதலின் மீது செலுத்திய வரியை உள்ளீட்டு வரி வரவாகப் பெறலாம். ஆனால் உணவு, குடிவகைகள், 13 பேர் வரை அமரும் ஊர்திகள் ஆகியவற்றுக்குப் பொதுவாக இந்த வரவு பிரிவு 17(5) ஆல் மறுக்கப்படுகிறது. விடுதித் தங்கலில் வரி, விடுதி அமைந்துள்ள மாநிலத்துக்கு உரியது. தமிழ்நாட்டில் மட்டும் பதிவு பெற்ற குளச்சல் ஒப்பந்தக்காரர், திருவனந்தபுரத்தில் தங்கியதற்கான கேரள வரியை வரவாகப் பெற இயலாது. இவ்வாறு வரவு கிடைக்காத வரித்தொகை செலவின் பகுதியாகி, வருமான வரிக் கணக்கில் கழியும்.

சான்றுகளும் ரொக்கச் செலவும்

கழிவு கோருபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். 1962 ஆம் ஆண்டின் வருமான வரி விதிகளில் 6எஃப் என்னும் விதி, உயர்தொழில் செய்வோர் மூலப் பட்டியல்களையும் பற்றுச்சீட்டுகளையும் வைத்திருக்க வேண்டும் என்றது. சீட்டு தரப்படாத இடத்தில், 50 ரூபாய்க்கு மிகாத செலவுக்குத் தாமே எழுதிக் கையொப்பமிட்ட செலவுச் சீட்டு போதும் எனவும் அவ்விதி கூறியது. ஏடுகளை மதிப்பீட்டு ஆண்டு முடிவிலிருந்து ஆறு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். பேருந்துச் சீட்டுகளிலும் எரிபொருள் சீட்டுகளிலும் அச்சு விரைவில் மங்குவதால், அவற்றின் படியை எடுத்து வைப்பது நல்லது.

ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகச் செலுத்திய செலவு, பிரிவு 40ஏ(3) இன் படி கழியாது. இவ்வரம்பு 2017 மார்ச் 31 வரை 20,000 ரூபாயாக இருந்தது. சரக்குந்து உரிமையாளருக்குச் செலுத்தும் வாடகைக்கு வரம்பு 35,000 ரூபாய். மீன் பிடித்தவரிடமே மீன் வாங்கும் கொள்முதலுக்கு விதி 6டிடி விலக்களித்தது. கடற்கரையிலேயே மீனைத் தரம் பிரித்து விற்கும் மீனவர் தலைவருக்கும் இவ்விலக்கு பொருந்தும் என 2008 ஆம் ஆண்டின் 10 ஆம் எண் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியது. இடைத்தரகருக்கு அது பொருந்தாது.

வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் அதற்குரிய வரியில் 50 விழுக்காடும், தவறாகக் காட்டினால் 200 விழுக்காடும் தண்டம் விதிக்கப் பிரிவு 270ஏ வழி செய்தது. சான்று எதுவும் இல்லாத செலவைக் கோருவது இரண்டாவது வகையில் அடங்கும்.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியம்: தன் வீட்டைத் தொழிலின் இருப்பிடமாகக் கொண்ட செங்கல் கட்டுநர் ஒருவர் பணியிடங்களுக்குச் சென்ற செலவு 1971 இல் ஓர்ட்டன் எதிர் யங் வழக்கில் ஏற்கப்பட்டது. தச்சர் ஒருவர், வீட்டில் 10 பென்சில் முடியும் மதிய உணவுக்கு வெளியே 40 பென்சு ஆவதால் வேறுபாட்டைக் கழிக்கக் கோரியது 1975 இல் கேய்ல்பாட் எதிர் குவின் வழக்கில் மறுக்கப்பட்டது. சொந்த நிறுவனம் வழியாகப் பணிபுரிவோருக்கு 2000 முதல் ஐ.ஆர். 35 எனப்படும் விதிகள் உள்ளன. இடைநிலை நிறுவனங்கள் வழியாகப் பிறரின் மேற்பார்வையில் பணிபுரிவோரின் அன்றாடப் பயணச் செலவுக்கான கழிவு 2016 ஏப்ரலில் கட்டுப்படுத்தப்பட்டது.

ஐக்கிய அமெரிக்கா: தொழில் சார்ந்த உணவுச் செலவில் பொதுவாக 50 விழுக்காடு கழியும். இது 1987 முதல் 80 விழுக்காடாக இருந்து, 1994 முதல் 50 ஆகக் குறைந்தது. சொந்தத் தொழில் செய்வோர் வெளியூர் உணவுக்கு, உண்மைச் செலவுக்குப் பதிலாக, அரசு அறிவிக்கும் நாட்படியைப் பயன்படுத்தலாம். ஓரிடத்தில் ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் பணி தற்காலிகப் பணியாகக் கருதப்படாது.

இந்தியச் சட்டத்தில் இத்தகைய நிலையான விழுக்காடோ நாட்படியோ ஒப்பந்தப் பணியாளருக்கு இல்லை. எனவே உண்மைச் செலவும் அதற்கான சான்றும் மட்டுமே இங்கு அடிப்படையாகும்.

இவற்றையும் பார்க்க

- வருமான வரி
- மூலத்தில் வரிப் பிடித்தம்
- சரக்கு மற்றும் சேவை வரி (இந்தியா)
- தேய்மானம்
- குளச்சல்